ஃபிளெமிங் நான்கு, ஹீட்லி பூஜ்யம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் குட்டிகளே, வணக்கம்.

சிறுவர்களுக்கான விஞ்ஞானி வரலாறுகள் வளர்ப்பது ஆர்வத்தையா, வெறும் வியப்பையா? இதுதான் இன்றைய தலைப்பு. வெறும் வியப்பையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி எடிசன் கடிதக் கதையைச் சொல்லி, பாதி மண்டபத்தை அழவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அம்மா பிரிக்கிறார். "உங்கள் மகன் மேதை, அவனுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஆளில்லை" என்று வாசிக்கிறார். அம்மா இறந்தபின் மகன் அதை எடுத்துப் பார்த்தால், "உங்கள் மகன் மூளை சரியில்லாதவன், இனி அனுப்பாதீர்கள்" என்று இருக்கிறது. உருக்கமான கதைதான் தலைவி அவர்களே. ஒரே ஒரு குறை, அப்படி ஒரு கடிதமே கிடையாது.

எடிசனே பின்னாளில் சொன்னது வேறு. வாத்தியார் தன்னை மூளை குழம்பியவன் என்று சொன்னது பையன் காதிலேயே விழுந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். அம்மா நான்சி அவனையும் இழுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்குப் போனார். அப்புறம் வீட்டில் வைத்துத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தார், ஏனென்றால் அவரே முன்பு ஆசிரியையாக இருந்தவர். இப்போது சொல்லுங்கள், எந்த அம்மா ஒசத்தி? மறைத்து வாசித்த அம்மாவா, பள்ளிக்கூட வாசலில் நின்று மல்லுக்கட்டிய அம்மாவா? இவ்வளவு நல்ல உண்மை கையில் இருக்கும்போது கற்பனைக்கு என்ன தேவை?

நான் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பும் சேர்த்துப் பார்க்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சர் சி.வி. ராமன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு சார். ஆனா அவரெல்லாம் பொறக்கும்போதே அப்படி சார்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். நடுவர் அவர்களே, அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் புத்தகம் அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதில் என்ன இருந்தது? ஒரு பக்கத்தில் ராமன் 1921இல் கப்பலில் வருகிறார், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசிக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு, அதாவது ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவது. அதற்கடுத்த பக்கத்தில் 1930, நோபல் பரிசு. நடுவே இருந்த ஏழு வருடம் எங்கே போனது? பைண்டிங்கில் விட்டுப்போச்சா?

அந்த ஏழு வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1923இல் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் திரவங்களின் வழியே ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும்போது, இருக்கக்கூடாத ஒரு மங்கலான ஒளி தெரிகிறது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறார்கள். போகவில்லை. மறுபடி சுத்தம் செய்கிறார்கள், அப்போதும் போகவில்லை. அழுக்கு என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்த அதுதான் பின்னால் நோபல் பரிசு வாங்கியது! இதைவிட நல்ல துப்பறியும் கதை உண்டா? 1928இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த அந்தக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவது பெயர் கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர். அந்தப் பையன் படித்த புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

"எட்டு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் போரடிக்கும், நியூட்டன் முன்னால் ஆப்பிள் விழுந்தது, ஆர்க்கிமிடீஸ் யுரேகா என்று ஓடினார், அது போதும்" என்று எதிரணியிலிருந்து இன்னொரு நண்பர் சொன்னார். சரி, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பென்சிலின் கதையை எடுத்துக்கொண்டேன், பூஞ்சையிலிருந்து கிடைக்கும், கிருமியைக் கொல்லும் மருந்து அது. ஃபிளெமிங் லீவு முடிந்து வந்தார், தட்டில் பூஞ்சை, உலகம் பிழைத்தது. இதுதானே நமக்குத் தெரிந்தது? அது 1928. அவரால் அந்த மருந்தைப் பிரித்துச் சுத்தமாக எடுக்க முடியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அப்புறம் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரி, செயின் என்று இருவர் கையில் எடுத்தார்கள். அவர்களோடு நார்மன் ஹீட்லி என்று ஓர் இளைஞர். போர்க்காலம், பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் கிடையாது. பிஸ்கட் டின் தொடங்கிக் கையில் கிடைத்ததிலெல்லாம் வளர்த்துப் பார்த்தார். எது சரிப்பட்டு வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரி பெட்பேன், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் மலஜலம் கழிக்க வைக்கிற பாத்திரம்!

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. 1940 மே மாதம், எட்டு எலிகளுக்குக் கிருமியைச் செலுத்தினார்கள், நான்கிற்கு மட்டும் மருந்து. ஹீட்லி ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. விடிவதற்குள் மருந்து கொடுக்காத நான்கும் செத்துப்போயின. அடுத்த வருடம் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குக் கொடுத்தார்கள். தேறி எழுந்து உட்கார்ந்தார். ஆனால் மருந்து தீர்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்தார்கள்? அவருடைய சிறுநீரைப் பிடித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் வெளியேறிய பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப அவருக்கே ஊசி போட்டார்கள். "உவ்வே" என்று கத்தியபடியே அடுத்து என்ன என்று பெஞ்சு மேல் ஏறாத குறை. கடைசியில் மருந்து போதாமல் அவர் இறந்துபோனார் என்றபோது ஒரு சத்தமில்லை.

ஆப்பிள் கதையைக் கேட்டபோதெல்லாம் இந்தப் பிள்ளைகள் கைதான் தட்டினார்கள். இதைக் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்டார்கள். "இன்னும் நிறையப் பாத்திரம் இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா சார்?" கேட்டது யார் என்கிறீர்கள்? ராமன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தானே, அதே பையன்.

1945இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்குப் போனது. ஹீட்லிக்கு 1990இல்தான் ஆக்ஸ்போர்டு கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. அதையும் சொன்னேன். மணி அடித்ததும் பையன் என் பின்னாலேயே நூலகத்துக்கு வந்துவிட்டான். "சார், ஹீட்லி புக் இருக்கா?"

அலமாரியைத் தேடினேன் நடுவர் அவர்களே. ஃபிளெமிங் நான்கு பிரதி இருந்தார். ஹீட்லி இல்லை. எதிரணி நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை அவன் வந்து கேட்பான். நன்றி, வணக்கம்.