மட்டன் கறியில் ஒளிந்திருக்கும் துப்பு

வணக்கம். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதைப் புத்தகத்தை என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் அது அலமாரிக்குப் போய்விடும். நான் அப்போதுதான் மறுபடி முதல் பக்கத்தைத் திறப்பேன். ஏன் என்று ஒரு கதையை வைத்தே காட்டுகிறேன்.

[காட்சி: இருட்டில் பொட்டல் வெளி, நடுவே ஒரு குதிரை லாயம்]

ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதை, 'சில்வர் பிளேஸ்'. 1892 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஒரு பந்தயக் குதிரை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார். லாயத்தில் காவலிருந்த பையனோ அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறான். சாப்பாட்டில் யாரோ அபின் கலந்திருக்கிறார்கள். அன்று மாலை அங்கே சுற்றிக்கொண்டிருந்த வெளியாள் ஒருவரைப் போலீஸ் பிடித்துவிட்டது.

[காட்சி: மூடி போட்ட தட்டு, பக்கத்தில் லாந்தர் விளக்கு]

சரி, அந்தப் பையன் என்ன சாப்பிட்டான்? மட்டன் கறி. பணிப்பெண் அதை எடுத்துப் போகும் இடத்தில் டாயில் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். நாமும் போகிறபோக்கில் படித்துவிடுகிறோம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அபின் பொடிக்குத் தனி ருசி உண்டு. சாதாரணச் சாப்பாட்டில் கலந்தால் முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும். மசாலா தூக்கலான கறியில்தான் தெரியாது. சமையலறையில் புழங்கிய யாருக்கும் இது சட்டென்று பிடிபடும். அப்படியானால் அன்றைக்குக் கறி சமைக்கலாம் என்று முடிவு செய்தது யார்? அந்த வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்று வெளியாள் சொல்ல முடியுமா? அவர் அபினோடு வந்த அதே ராத்திரி தற்செயலாகக் கறி அமைந்தது என்பதும் நம்பும்படி இல்லை. ஒரு தட்டுச் சாப்பாட்டில் போலீஸின் வழக்கே ஆட்டம் காண்கிறது.

இந்தக் கதை என்றாலே எல்லோரும் குதிரையைக் கொண்டுபோன ராத்திரியில் குரைக்காத லாயத்து நாயைத்தான் சொல்வார்கள். எனக்கு நாயைவிடக் கறிதான் பிடிக்கும். நாயை ஹோம்ஸே நமக்குச் சுட்டிக்காட்டிவிடுகிறார். கறியை நாமாகவே பிடித்திருக்கலாம்.

வாசகரிடம் துப்பை மறைக்கக் கூடாது என்பது பின்னால் விதியாகவே ஆனது. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் அதுவும் ஒன்று.

இந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்லவா? ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ எழுதி 2005-இல் வந்த 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. இனி என்ன மர்மம் என்று சாய்ந்து உட்காருவோம். அந்த அசட்டையை நம்பித்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. இதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

முதல் தடவை கதையின் வேகத்திலேயே படியுங்கள். அப்புறம் திரும்பி வந்து, சாப்பாடு, சட்டைப் பையில் கிடைத்த ரசீது என்று சாதாரணமாகத் தெரியும் வரிகளில் மெதுவாகப் போங்கள். 'சில்வர் பிளேஸ்' கதையில், ஆடுகள் மூன்று நொண்டுவதாக ஒரு பையன் சொல்வான். அவை எதனால் நொண்டுகின்றன என்று, பக்கத்தைத் திருப்பும் முன் யோசித்துப் பாருங்கள்.