கடைசிப் படமும் கறுத்தக் கொழும்பானும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த மழையிலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, ‘காவியத் திரைத்தொடர் ஒன்றின் கடைசிப் படத்தை ரசிகர்கள் கேள்வி கேட்பது உரிமையா, அத்துமீறலா?’ உரிமையே என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு அணிகளும் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒன்றுதான். டோல்கீன் எழுதிய நாவலை வைத்து பீற்றர் ஜாக்சன் எடுத்த ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்கள். 2001, 2002, 2003 என்று டிசம்பருக்கு டிசம்பர் ஒன்றாக வந்தன. மூன்றாவதும் கடைசியுமான படம் ‘ரிட்டேர்ன் ஒஃப் த கிங்’.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரியில் கதை. ஒரு மோதிரம் இருக்கிறது. அதைச் செய்த கொடியவனிடமே அது திரும்பப் போய்ச் சேர்ந்தால் உலகத்துக்கு விடிவில்லை. ஷயர் என்ற சின்ன ஊரில் தோட்டமும் சாப்பாடும் உண்டென்று வாழ்ந்த குள்ள மனிதர்கள் நான்கு பேர் ஊரை விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களில் ஃப்ரோடோ என்பவன் அந்த மோதிரத்தைச் சுமக்கிறான். அவனுடைய தோட்டக்காரன் சாம் கடைசிவரை கூடவே போகிறான்.

எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒஸ்கார் கணக்கில் தொடங்கினார். 11 விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வென்ற படத்தில் குறை சொல்ல நீ யார் என்று கேட்டார். ஐயா, அது நல்ல படம் என்பதில் எங்கள் அணியில் யாருக்கும் மறுப்பில்லை. நான் ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். விருதுக் குழு ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுகிறது. நாங்கள் மூன்று படங்களைப் பார்த்தோம். இடையில் இரண்டு வருடம் காத்திருந்தோம். அடுத்த பாகத்தில் சரிசெய்வார்கள் என்று முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் மன்னித்துவிடலாம். கடைசிப் படத்துக்கு அடுத்தது என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அங்கே மட்டும் ரசிகன் குரலை உயர்த்துகிறான்.

அடுத்து வந்த தம்பி ஒரு நல்ல வாதம் வைத்தார், அதை நான் மதிக்கிறேன். கம்பன் வான்மீகியை மாற்றிப் பாடவில்லையா, பீற்றர் ஜாக்சன் டோல்கீனை மாற்றினால் மட்டும் குற்றமா என்றார். சபையும் கைதட்டியது. தம்பி, கம்பன் மாற்றினான், உண்மை. வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைப் புதிதாகச் சேர்த்தான். ஆனால் மாற்றிவிட்டு வீட்டில் இருந்துவிட்டானா? திருவரங்கத்தில் அரங்கேற்றத்துக்குப் போனான். அங்கே இருந்தவர்கள், மூலத்தில் இல்லாததை ஏன் பாடினாய் என்று மறித்தார்கள் என்றும், அந்தக் கோயிலில் இருக்கும் நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நம் மரபில் கதை இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த கூட்டம் நாம். கவிச்சக்கரவர்த்தி என்றாலும் சபைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம்பிய கூட்டம். மாற்றுவது படைப்பாளியின் உரிமை என்றால், ஏன் மாற்றினாய் என்று கேட்பது சபையின் உரிமை. கம்பனை நீங்கள் அழைத்து வந்தீர்கள், அவன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

சாப்பிட வந்தவன் சமையலறைக்குள் நுழையக் கூடாது என்றும் ஒரு கருத்து வந்தது. உப்புக் குறைவு என்று சொல்லச் சமையலறைக்குள் போகத் தேவையில்லையே. பந்தியில் இருந்தபடியே சொல்லலாம். நடிகரைத் தூற்றுவது, இயக்குநரின் குடும்பத்தை இழுத்து ஏசுவது எல்லாம் வேறு விஷயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

சரி, இப்போது ஒரு குறிப்பான இடத்துக்கு வருகிறேன். சாருமான் என்ற மந்திரவாதி. முதல் படத்தில் நல்லவரான காண்டால்ஃபைக் கோபுர உச்சியில் சிறை வைத்தவன். இரண்டாவது படத்தில் பெரும் படையை அனுப்பி ஒரு நாட்டையே அழிக்கப் பார்த்தவன். அந்தப் படம் முடியும்போது அவனுடைய கோட்டையைச் சுற்றி வெள்ளம் நிற்கிறது, அவன் கோபுரத்தின் மேலே நிற்கிறான். இனி இவனுக்கு என்ன நடக்கும் என்று ஒரு முழு வருடம் காத்திருந்தோம். மூன்றாவது படத்தில் காண்டால்ஃப் வந்து, அவனுக்கு இனிச் சக்தி எதுவும் இல்லை என்கிறார். அவ்வளவுதான். சாருமானின் முகத்தைக்கூடக் காட்டாமல் கதை அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

தியேட்டர் இருட்டில் என் மச்சான் என் கையை இடித்து, “எங்கேடா ஆள்?” என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. நாங்கள் மட்டும் கேட்கவில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்டார்கள், மனு எழுதினார்கள். சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீயே தன் காட்சியை வெட்டியதில் தனக்கிருந்த வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார். அவரும் டோல்கீனின் ரசிகர்தான். அந்த நாவலை வருடத்துக்கு ஒரு தடவை படித்து வந்தவர், டோல்கீனை நேரில் சந்தித்தவர். அவர் வருந்தியதையும் அத்துமீறல் என்பீர்களா?

அப்புறம் என்ன நடந்தது? 2004 டிசம்பரில் நீட்டிக்கப்பட்ட பதிப்பு டிவிடியில் வந்தது. தியேட்டரில் 201 நிமிடம் ஓடிய படம் அதில் சுமார் 50 நிமிடம் கூடியிருந்தது. சாருமான் வந்தான், பேசினான், தன் அடிமையின் கத்தியால் குத்துப்பட்டுக் கோபுரத்திலிருந்து விழுந்தான். ரசிகர்கள் எந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டார்களோ, அது எடுத்து முடித்த காட்சிதான். பெட்டிக்குள் இருந்தது. இல்லாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

நம்மவர்களிடமும் இது நடந்ததுதான். கல்கி 1950களில் ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதி முடித்தபோது, கதை திடீரென்று முடிந்துவிட்டதே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. முடிவுரையில் அந்தக் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார். 2023இல் அந்தக் கதையின் இரண்டாவது படம் வந்தபோது, சேந்தன் அமுதன் பற்றிய அந்தப் பெரிய திருப்பத்தைக் காணோமே என்று இந்தக் கொழும்பில் எத்தனை வீடுகளில் பேச்சு நடந்தது! என் அம்மா தியேட்டரில் இருந்து வீடு வரும்வரை ஆட்டோவில், “மணிமேகலையை ஏன் விட்டவங்கள்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் வாசித்த ஒரு பெண்ணை அவர் தேடினார். அது அத்துமீறலா?

நடுவர் அவர்களே, இனிச் சொல்லப்போவதுதான் நான் இந்த அணியில் நிற்பதற்கான காரணம். கொஞ்சம் நேரம் தாருங்கள்.

எங்கள் குடும்பம் 1995 ஒக்டோபரில், போர் நேரம், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டது. பல இடம் அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையைத் திறந்தார்கள். அந்த வருடப் பள்ளி விடுமுறையில் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, முகமாலைச் சாவடியில் இறங்கி ஏறி, ஊருக்குப் போனோம். ஏழு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வீட்டைப் பார்க்கிறோம். ஓடு இல்லை, தீராந்தி இல்லை, கதவு நிலைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சாமியறைக்குள் பற்றை. அம்மம்மா எதையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். அங்கே ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரம் நின்றது. என் அம்மா பிறந்த வருடம் அம்மம்மா வைத்த மரம். அதை அடியோடு தறித்திருந்தார்கள். வெட்டிய முகத்தில் மழை பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. அம்மம்மா குந்தியிருந்து அதன் மேல் கையை வைத்தார். கனநேரம் எடுக்கவில்லை.

அந்த வருடம்தான் நான் டோல்கீனின் நாவலை வாசித்து முடித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அதன் கடைசியில் ஓர் அத்தியாயம் வருகிறது. மோதிரம் அழிந்துவிட்டது, போர் முடிந்துவிட்டது, நான்கு பேரும் ஊர் திரும்புகிறார்கள். ஊர் ஊராக இல்லை. வாசலில் தடை போட்டு ஆட்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள். வீடுகளை இடித்திருக்கிறார்கள், மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். கதையின் தொடக்கத்தில் எந்த மரத்தின் கீழ் ஊரே கூடி விருந்து சாப்பிட்டதோ, அந்த மரத்தையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எரிமலை வாயில்வரை போய் வந்த சாம், அந்த மரம் கிடப்பதைப் பார்த்து அழுகிறான். நானும் அழுதேன். இங்கிலாந்தில் இருந்த ஒரு பேராசிரியர் 1955இல் வெளியான புத்தகத்தில் எங்கள் கிணற்றடியை எப்படி எழுதினார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு தெரிந்துகொண்டேன். அவர் சிறுவனாக வாழ்ந்த நாட்டுப்புறம் அவருக்குப் பத்து வயதாகும் முன்பே பாழாகத் தொடங்கியது. இளைஞனாக முதலாம் உலகப் போரில் சொம் போர்முனையில் நின்றவர், நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். அந்த அத்தியாயம் கதைக்கு இன்றியமையாதது, ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது கடைசிப் படத்துக்கு வாருங்கள். அந்த அத்தியாயம் படத்தில் இல்லை. நான்கு பேரும் திரும்பி வருகிறார்கள், ஊர் அப்படியே பச்சைப்பசேலென்று இருக்கிறது. இத்தனைக்கும் முதல் படத்தில் ஒரு மாயத் தண்ணீர்க் கண்ணாடி வருகிறது. அதில் ஷயர் எரிவதையும் மக்களைச் சங்கிலியில் கட்டி இழுப்பதையும் ஃப்ரோடோ பார்க்கிறான். அதைக் காட்டியவர் இதையும் காட்டுவார் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எதிரணியில் பேசிய தங்கை, படத்தில் முடிவுக்கு மேல் முடிவு வருகிறது என்று ரசிகர்களே அலுத்துக்கொண்டார்கள், அவர்களை எப்படித்தான் திருப்திப்படுத்துவது என்றார். தங்கச்சி, நான் அலுத்துக்கொண்டவன் இல்லை. யுத்த காண்டத்தில் இராவணன் விழுந்ததோடு கம்பன் நிறுத்தினானா? மீட்சி, முடிசூட்டு, அதற்கும் பிறகு விடை கொடுத்த படலம் என்று வந்தவர் எல்லோரையும் வழியனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தான். காவியத்துக்கு அது வேண்டும். படத்திலும் அந்த விடைபெறும் காட்சிகள் எனக்குப் பிடிக்கும். ஊர்ச் சத்திரத்தில் நான்கு பேரும் ஒரு மேசையில் வந்து உட்காருவார்கள். பக்கத்தில் யாரோ ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கி வருவார், எல்லோரும் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். இந்த நால்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சொல் பேசாமல் நால்வரும் கோப்பையை உயர்த்துவார்கள். அருமையான காட்சி, மனதாரச் சொல்கிறேன். ஊர் மாறவில்லை, போய் வந்தவர்கள் மாறிவிட்டார்கள் என்று இயக்குநர் சொல்கிறார். அப்படித் திரும்பியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மற்றது. எங்கள் கதை அந்தப் புத்தகத்தில் இருந்தது. பெரிய திரையில் அதைப் பார்க்கக் காத்திருந்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்று பதினாறு வயதில் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடத்தில் முடிக்கிறேன்.

படம் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் அம்மம்மாவுக்கு முழுக்கதையையும் சொன்னேன். மோதிரம், யானைப் படை, எரிமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்றதும், “அந்த மரம் நிக்குதோ?” என்று கேட்டார். முன்பு புத்தகக் கதையைச் சொல்லியிருந்தேன், அதில் அவர் மறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான். “படத்தில நிக்குது அம்மம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப புத்தகம் எழுதினவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார்.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம்.