சுமந்து வந்த நால்வர்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். வேலூரில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே என் காலம் கழிந்தது. குடியாத்தம், போளூர் பக்கத்து ஜனங்களும் இருப்பார்கள். காட்பாடியில் ரயில் இறங்கி லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர்களும் இருப்பார்கள். ஒருவர் பைபிளைப் பிடித்திருப்பார், இன்னொருவர் மடியில் ரத்தினகிரி விபூதிப் பொட்டலம் இருக்கும்.

அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உள்ளே மகனை விட்டுவிட்டு ஒரு வங்காளத்துத் தாய் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஆற்காட்டு அம்மாவுக்கு அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. பையன் பெயரை மட்டும் எப்படியோ கேட்டு வாங்கி, மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் தமிழில் எழுதித் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் கணவரும் அப்போது உள்ளேதான் இருந்தார். தன் கவலையே தலைக்கு மேல் இருக்கும்போது ஊர் பேர் தெரியாத பிள்ளைக்காக வேண்டிக்கொள்வதென்றால், அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

கஷ்டம் வந்தவர்களிடம் "கடவுளை நம்புங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். சரி, நம்பத்தான் வேண்டும். நம்புவதற்கே தெம்பில்லாத நாட்களும் உண்டே! என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது எனக்கு ஜெபமே வரவில்லை. கண்ணை மூடினால் மானிட்டர் சத்தம்தான் காதில் விழுந்தது. சாயங்காலமானால் எங்கள் சபைப் பெண்கள் வருவார்கள். ஒருவர் டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்து, "முதல்ல சாப்பிடுங்கக்கா" என்பார். அப்புறம் அவர்களே ஜெபிப்பார்கள். நான் ஆமென் மட்டும் சொல்வேன். எனக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

மாற்கு சுவிசேஷத்தில், கப்பர்நகூம் என்ற ஊரில், உடம்பு செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். படுத்திருந்தவன் வாய் திறந்து ஏதும் கேட்டதாக அங்கே எழுதியில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் பார்த்துத்தான் இயேசு பேசுகிறார். இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பவுலும் மற்றவர்களின் ஜெபத்தை நாடியவர்தான். ஆசியாவில் (இன்றைய துருக்கிப் பக்கம்) பட்ட பாட்டில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று கொரிந்து சபைக்கு ஒளிக்காமல் எழுதுகிறார். அவர்களுடைய ஜெபம் தமக்கு உதவி என்பதையும் அங்கேயே சொல்கிறார்.

அப்படியானால் கேட்டது கேட்டபடி கிடைக்குமா? நம் ஊரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்குக் கால்கள் இரண்டும் செயலிழந்தன. அந்தக் கால்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்ததில் அவருடைய உழைப்பு பெரியது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். கடவுள் அவரைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இப்போது ஏதாவது வார்டிலோ லாட்ஜ் அறையிலோ இருந்து இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூச்சப்படாமல் கேளுங்கள். பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடாமல், "நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கு ஆபரேஷன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று விவரமாகச் சொல்லுங்கள். சரி என்று சொன்னவர்கள் அந்த எட்டு மணியை மறந்துவிடாதீர்கள். மத்தியானம் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களானால் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.