மிஸ்ட்ரால் எழுத்துருவும் அக்காவின் கடைப் பலகையும்

வணக்கம் நண்பர்களே. தூரிகையால் அவசரமாக எழுதியது போல் திரையில் தெரிகிறதே, இந்த எழுத்துருவின் பெயர் மிஸ்ட்ரால். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கும் பல கணினிகளில் இதுவும் இருக்கும். கைக்கெட்டும் இடத்தில் இருப்பதாலேயே இதை நாம் பாடாய்ப் படுத்துகிறோம். நானும் படுத்தியிருக்கிறேன், சொல்கிறேன்.

1953-இல் பிரான்சின் மார்செய் நகரில் இருந்த ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் அதே ஊரில் பிறந்த ரோஜே எக்ஸ்கஃபோன். தன் கையெழுத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டார். மிஸ்ட்ரால் என்பது தெற்குப் பிரான்சில் கடலை நோக்கிச் சீறிக்கொண்டு வரும் குளிர்காற்றின் பெயர்.

அப்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈய அச்சு. கோத்து எழுதியது போல் தெரிய வேண்டுமென்றால் ஓர் அச்சின் வலது ஓரத்தில் முடியும் கோடு, அடுத்த அச்சின் இடது ஓரத்தில் தொடங்கும் கோட்டோடு முட்ட வேண்டும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்து உட்காரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? பெரிதாக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். எழுத்துகள் மேலும் கீழுமாகத் துள்ளுகின்றன. நாலு கோடு நோட்டில் எழுதியிருந்தால் டீச்சரிடம் குட்டு வாங்கியிருப்போம். ஆனால் ஒன்றையொன்று தொடும் இடம் மட்டும் ஏறக்குறைய ஒரே உயரம். துள்ளல் கண்ணுக்கு, ஒழுங்கு ஓரத்துக்கு. கெட்டிக்கார மனிதர்!

இனி என் கதை. அக்காவின் கேக் கடைக்குப் பலகை வடிவமைத்தேன். ஆங்கிலப் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டல் எழுத்தில், அடித்துவிட்டேன். "என்னடா இது, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது?" என்றாள். இதன் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் நிற்பதற்கானவை; வரிசையாக நிறுத்தினால் முட்டிமோதிக்கொள்ளும். சரி, கேப்பிட்டலை விட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக (ஸ்மால் லெட்டர்) மாற்றி, பலகையை நிரப்ப இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். இதோ, திரையிலும் கூட்டுகிறேன். பார்த்தீர்களா? இணைப்புகள் எல்லாம் அறுந்து, ஒவ்வோர் எழுத்தும் வாலை நீட்டிக்கொண்டு அநாதையாக நிற்கிறது. இடைவெளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதலெழுத்தை மட்டும் கேப்பிட்டலாக்கிய பிறகுதான் பெயருக்கு உயிர் வந்தது. பலகை நிரம்பவில்லையா, எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள்.

கடைப் பெயர், மெனு அட்டையின் தலைப்பு, போஸ்டரில் இரண்டு சொற்கள், இவ்வளவுதான் இதன் எல்லை. பத்தி பத்தியாக வைத்தால் கண் நோகும். திருமணப் பத்திரிகையில் ஆங்கிலப் பெயர்களுக்கு என்னைக் கேட்டால் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துருவைச் சொல்வேன். மேத்யூ கார்ட்டர் 1960-களில் வடிவமைத்தது, பட்டுப் புடவை போல் மடிப்புக் கலையாமல் நிற்கும். மிஸ்ட்ரால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரும் ஆள்.

பலகையின் அடியில் தொலைபேசி எண்ணையும் இதிலேயே வைக்கச் சொல்லி அக்கா பிடிவாதம் பிடித்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம் அவளை நிறுத்தி, எண்ணைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது இலக்கத்திலேயே தடுமாறினாள். எண் இப்போது சாதாரண நேர் எழுத்தில் இருக்கிறது.