கூரைத் தண்ணீரும் மலைத் தண்ணீரும்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம்.

நான் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பவன். சத்துவாச்சாரியில் இருக்கிறேன். மகளைக் கட்டிக்கொடுத்தது பெங்களூரில். அடிக்கடி போய்வந்ததில், இரண்டு ஊர் மழைநீர் விதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

முதலில் நம் பெருமை. 2003-இல் தமிழ்நாடு முழுக்க, சின்ன வீடு பெரிய வீடு என்று பார்க்காமல், மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டு நம்மிடம் செலவை வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். பெங்களூரில் 2009-இல்தான் வந்தது. அதுவும் மனை அளவு பார்த்து: புது வீட்டுக்கு 1200 சதுர அடி முதல், பழைய வீட்டுக்கு 2400 முதல். ஆனால் செய்யாதவர்களுக்கு அபராதத்தைத் தண்ணீர் பில்லிலேயே சேர்க்க ஆரம்பித்தார்கள். அது உறைக்கிறது. இங்கே இணைப்பைத் துண்டித்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேனே. 2003 அவசரத்தில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு மூடினோம். போன ஆடியில் மூடியைத் தூக்கினேன். ஒரு சாண் களிமண், வேப்பஞ்சருகு, நடுவில் ஒரு ரப்பர் பந்து. நாலு பக்கெட் ஊற்றினேன். அரை மணி கழித்தும் அப்படியே நின்றது. விதிப்படி என் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது!

சரி, குழியைச் சுத்தம் செய்துவிடலாம். வேலூரைச் சுற்றி மலையாயிற்றே, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2021 நவம்பரில் நிக்கல்சன் கால்வாய் வழிந்து கன்சால்பேட்டைக்குள் புகுந்தது. கோட்டை அகழி ஏறி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. அதற்கு வீட்டுக்குழி எந்த மூலைக்கு?

பெங்களூரில் மழைநீர்க் கால்வாயை ராஜகாலுவே என்பார்கள். கால்வாயின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது மாஸ்டர் பிளான் விதி. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் சில அளவுகளைக் கூட்டியது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இவ்வளவு இருந்தும் 2022 வெள்ளத்தில் அங்கே ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். கால்வாய் ஆக்கிரமிப்பு அப்படி. ஆனாலும் மனை வாங்குகிறவர் ‘பக்கத்தில் ராஜகாலுவே இருக்கிறதா?’ என்று கேட்கிறார். என்னிடம் வருபவர்கள் வாஸ்து கேட்பார்கள், கார் நிறுத்த இடம் கேட்பார்கள். ஓடையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அதனால் இப்போதெல்லாம் பிளானுக்கு முன்னால் சர்வே வரைபடத்தை விரித்து, ஓடை போகும் வழியை நீலப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுகிறேன். அண்மையில் ஒருவர், “அதை அழிச்சிடுங்க சார், அதுல தண்ணி வந்து எவ்வளவோ வருஷமாச்சு” என்றார். மறுநாள் மனையைப் பார்க்கப் போனேன். எதிர்வீட்டுச் சுவரில் 2021-இன் தண்ணீர்க் கறை, இடுப்பளவுக்கு, இன்னும் இருக்கிறது.

வணக்கம்.