குடகு வானமும் கும்பகோணத்து வயலும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலை விட்டாலும் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. சித்திரை பிறந்தால் போதும், டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சார், இந்த வருஷம் மழை எப்படி?" என்பார். அதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன போதெல்லாம் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று வானொலியில் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறு மாதம் முன்னாலேயே மழை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. மார்கழியில் மேகம் தெற்கே ஓடுவதைக் கவனித்து, மேகம் மழையைக் கருத்தரித்திருக்கிறது என்று கர்ப்போட்டம் பார்ப்பார்கள். அந்த நாட்களில் மழை கொட்டிவிட்டால் என் தாத்தா, "கரு கலைஞ்சு போச்சுடா" என்று முகம் வாடி உட்கார்ந்துவிடுவார். வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கவலை வந்தது. 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்துக்குப் பிறகு, வானிலைத் துறையின் தலைவராக இருந்த பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை அளந்து பருவமழையைச் சொல்லப் பார்த்தார். பனி அதிகமென்றால் மழை குறையும் என்பது அவர் கணக்கு. பின்னால் 1904-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கணித மேதை. இந்திய மழைக்குத் துப்புத் தேடிக்கொண்டே போனவர், பசிபிக் கடலின் கிழக்கிலும் மேற்கிலும் காற்றழுத்தம் ஏற்றப் பலகை மாதிரி மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். இன்று உலகமே பேசுகிற எல் நினோ, லா நினா கதையின் ஒரு பாதி அதுதான்.

நாளை மழை வருமா என்பதைக் காற்றையும் மேகத்தையும் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் தாங்காது. மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லக் கடலைப் பார்க்கிறார்கள். கடல், கல்யாண வீட்டு அண்டாவில் காய்ச்சின வெந்நீர் மாதிரி. சட்டென்று சூடேறாது, ஏறினால் சட்டென்று ஆறாது. பசிபிக் நடுவில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டால், அதாவது எல் நினோ வந்துவிட்டால், அது பல மாதம் நிற்கும். அத்தனை நாளும் மழைக்காற்றை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பைத்தான் பருவமழை முன்கணிப்பு என்று நமக்குத் தருகிறார்கள்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இங்கேதான் ஒரு சிக்கல். நமக்கு மழை இரண்டு. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைக்கும். அதே எல் நினோ வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் ஊட்டம் கொடுக்கும். அந்தக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோனால், அதாவது லா நினா வந்தால், தலைகீழ். டி.வி.யில் "எல் நினோ, நாட்டில் வறட்சி அபாயம்" என்று ஓடுவதைப் பார்த்து, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற கோவில்பட்டிக்காரர் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்க்காரர் வைக்க வேண்டும். ஏனென்றால் அவருடைய குறுவை நெல்லுக்கான மழை தஞ்சாவூரில் பெய்வதில்லை. ஜூனிலும் ஜூலையிலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்து, காவிரியாகவும் கபினியாகவும் கர்நாடகத்து அணைகளைத் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. ஆகவே டெல்டாக்காரர் சித்திரை வைகாசியில் படிக்க வேண்டியது குடகு மலைக்கான கணிப்பை. தன் ஊர் கணிப்பு அவருக்கு ஐப்பசியில்தான் வேண்டும்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் இந்தப் பாடம் முழுக்க இருக்கிறது. ஏப்ரலில் இந்திய வானிலைத் துறை, நாடு முழுவதற்கும் சராசரியில் 96 சதவீதம் தென்மேற்கு மழை என்று சொன்னது. எல் நினோ வரக்கூடும் என்றும் அப்போதே சொல்லியிருந்தார்கள். ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு எல் நினோ வந்துவிட்டதாக அறிவித்தது. நான்கு நாள் கழித்து, வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது. அணையில் 103 அடி. ஊரெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. 103 அடியில் அணையில் இருப்பது எழுபது டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. மேலே இருந்து வரத்து இல்லையென்றால், ஏறக்குறைய எழுபது நாளில் தொட்டி காலி. ஜூன் 12-லிருந்து எழுபது நாள் எண்ணினால் ஆவணி முதல் வாரம். குறுவை 105 முதல் 120 நாள் பயிர். நடவு முன்னே பின்னே போவதால் வாய்க்கால் முடிகிற கடைமடையில் புரட்டாசி, ஐப்பசி வரைக்கும் தண்ணீர் வேண்டும். ஆக அந்த வருஷக் குறுவை அணையில் இருந்த தண்ணீரை நம்பியது பாதி, இன்னும் பெய்யாத குடகு மழையை நம்பியது பாதி. அந்தப் பாதிமேல்தான் எல் நினோவின் நிழல் விழுந்திருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஆகஸ்டில் நாடு முழுவதும் 36 சதவீதம் மழைக் குறைவு. நூற்றாண்டுக்கு மேலான பதிவில் அப்படி ஒரு வறண்ட ஆகஸ்ட் இல்லை. கர்நாடகம் போதிய தண்ணீர் திறக்கவில்லை, வழக்கு, போராட்டம். அக்டோபர் 10-ல் மேட்டூரை மூடியபோது அணையில் சுமார் 31 அடி. கடைமடையில் குறுவை கருகியது. நாட்டுக் கணக்கில் பருவமழை 94 சதவீதம் என்று முடிந்தது. 96 சொன்னார்கள், 94 வந்தது. கணிப்பு பொய்க்கவில்லை, பயிர்தான் பொய்த்துப்போனது. நாடு தழுவிய ஒற்றை எண் நம் வாய்க்காலுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதே வருஷம் டிசம்பரில் என்ன ஆயிற்று? மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அதிகம். மாநிலத்தின் பருவக் கணக்கோ கிட்டத்தட்ட சராசரி! பருவக் கணிப்பு ஒரு நாள் வெள்ளத்தைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. அதற்குத் தினசரி வானிலை அறிக்கைதான்.

இனி அந்த சதவீத விஷயம். கணிப்பில் மழையை மூன்று கூடையாகப் பிரிக்கிறார்கள்: குறைவு, சராசரி, அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் கூடைக்கு 33. "அதிகம் என்பதற்கு 45 சதவீதம் வாய்ப்பு" என்று அறிக்கை வந்தால், "பாதிகூட இல்லை, இதை ஒரு கணிப்பு என்று சொல்ல வந்துவிட்டார்கள்" என்று சிரித்தவர்களை எனக்குத் தெரியும். தாயக்கட்டையில் ஒரு பக்கம் லேசாகக் கனம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உருட்டலில் என்ன விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டையோடு நாள் பூரா ஆடுகிறவர், கனத்தைத் தெரிந்துகொண்டு ஆடினால் கடைசியில் முன்னால் நிற்பார். விவசாயம் ஒரு நாள் ஆட்டமா?

கட்டை மாறி விழுந்த வருஷங்களும் உண்டு. 1997-ல் பெரிய எல் நினோ. எல்லோரும் பயந்தார்கள். தென்மேற்கு மழை சராசரிக்குச் சற்று மேலேயே பெய்தது, அந்த முறை இந்தியப் பெருங்கடல் நமக்கு ஆதரவாக நின்றது. 2021 லா நினா வருஷம், வடகிழக்கு மழை குறைந்திருக்க வேண்டும், கொட்டித் தீர்த்தது. 2002-ல் நாடு முழுவதும் சராசரி மழை என்று கணித்தார்கள், 19 சதவீதம் குறைந்தது. அந்த அடிக்குப் பிறகு கணிக்கும் முறையையே மாற்றினார்கள்.

அந்த 2002-ல் நானும் ஒரு தப்புச் செய்தேன். கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் மழை நார்மல்" என்றேன். அவ்வளவுதான். அது நாடு முழுவதற்குமான கணக்கு என்று சொல்லவில்லை, தவறலாம் என்றும் சொல்லவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு நாற்று விட்டவர்கள் போர்வெல் தண்ணீரில் கொஞ்ச நாள் காப்பாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாற்றங்காலில் மாட்டை விட்டார்கள். ஒருவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் "பெய்யுமா" என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, "சொன்னது தவறினால் உனக்கு என்ன போகும்?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். போர் வைத்திருக்கிறவருக்கும் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கும் ஒரே கணிப்புக்கு இரண்டு பதில். அணையில் இருப்பு குறைவு, எல் நினோ அறிகுறியும் சேர்ந்திருக்கிறது என்றால், கடைமடைக்காரர் குறுவையை விட்டுவிட்டுத் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, ஒரே போகமாகச் சம்பா போடலாம். சம்பாவுக்கு ஐப்பசி மழை துணைக்கு வரும் வாய்ப்பு அந்த வருஷம் கூடுதல். வந்தால் தாழ்வான வயலில் வடிகால் அடைத்துக்கொள்ளும், ஆகவே வாய்க்காலை ஆவணியிலேயே தூர்வாரிவிட வேண்டும். தண்ணீர் பற்றாத வருஷத்தில் வடிகாலுக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறாரே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

லா நினா வருஷத்தில் கரிசல்காட்டு மானாவாரிக்காரர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2016 ஞாபகம் இருக்கிறதா? பலவீனமான லா நினாதான். தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. அந்த மாதிரி அறிகுறி தெரிந்தால் மக்காச்சோளத்தைக் குறைத்து, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு என்று குறைந்த ஈரத்தில் தேறுகிறதைக் கூட்டலாம். உரத்தை ஒரே மூச்சில் போடாமல் மழையைப் பார்த்துப் பிரித்துப் போடலாம். ஆட்டுக்குத் தீவனம் இப்போதே சேர்க்கலாம். பயிர்க் காப்பீட்டில் இந்தப் பருவத்து உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அதைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள், அந்த வாரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும்.

விவசாயியைவிடச் சங்கடமான நிலை ஒருவருக்கு உண்டு, ஏரிக்குப் பொறுப்பான பொறியாளருக்கு. செம்பரம்பாக்கம் 24 அடி. கார்த்திகையில் நிரப்பி வைத்தால் 2015 மாதிரி வெள்ளம் வந்துவிடுமோ என்று பயம். அந்த வருஷம் எல் நினோ, வடகிழக்கு மழை அதிகம் என்றுதான் கணிப்பும் இருந்தது. திறந்துவிட்டால் 2019 மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா? பருவக் கணிப்பு இவருக்கு உதவும், ஆனால் தனியாக உதவாது. பருவம் முழுக்க எந்தப் பக்கம் சாய்வு என்று அதில் பார்த்து எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்று முடிவு செய்து, ஐந்து நாள் கணிப்பைப் பார்த்து மதகைத் தொட வேண்டும். முதல் முடிவைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் நள்ளிரவில் போனில் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். இது என் சொந்த அபிப்பிராயம்.

கணிப்பு எங்கே கிடைக்கும்? வானிலைத் துறையின் முதல் அறிக்கை ஏப்ரல் நடுவில், திருத்தியது மே கடைசியில். வடகிழக்குக்கு அக்டோபர் தொடக்கத்தையொட்டி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாவட்ட வாரியாகவே சொல்கிறது. ஆஸ்திரேலியர்கள் செய்த 'ரெயின்மேன்' என்ற மென்பொருளைப் பல வருஷம் அதற்குப் பயன்படுத்தினார்கள். பசிபிக் அவர்களுக்கும் அண்டைவீடுதானே. அந்த அறிக்கை பேப்பரில் ஒரு மூலையில் வந்து போய்விடும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் முழுக்கப் பரப்பியது. ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். இந்த மாவட்டக் கணிப்பையும் அதே மாதிரி, சதவீதத்தோடு சேர்த்து, தினமும் காலையில் இங்கே வாசித்தால் நன்றாக இருக்கும். நிலையத்தார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் சம்பந்தி ஒருவர். ஐந்து ஏக்கர். நான் சொன்ன எதையும் அவர் அப்படியே கேட்டதில்லை. ஆனால் அவருடைய மச்சினர் மகன் மடிக்கேரியில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறான். ஜூன் பிறந்தால் தினம் சாயங்காலம் அவனுக்குப் போன் போடுவார். சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "என்னடா, இன்னிக்குக் குடை எடுத்துட்டுப் போனியா?" என்பார். அவன் சொல்கிற பதிலைக் காலண்டரில் குறித்துக்கொண்ட பிறகுதான் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவார்.

வணக்கம்.