தைப்பூசத்திலிருந்து தீபாவளி வரை

நேயர்களுக்கு வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன்.

கர்ப்பத்தைப் பதியப் போனால் நாங்கள் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது தூரமானாய், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது என்றுதான். தேதி யாருக்கும் நினைவிருக்காது, விசேஷம் நினைவிருக்கும். 2024இல் ஒரு பெண் சொன்னாள்: "தைப்பூசத்தன்னைக்கு மலைக்குப் போக முடியலீங்கக்கா, காலையிலதான் தூரமானேன்." அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25. அதை முதல் நாளாக எழுதி, பிரசவத் தேதிக்கு 280 நாள் எண்ணினேன். அக்டோபர் 31 வந்தது. சரியாகத் தீபாவளி!

அவள் மாமியார் கர்ப்பப் பதிவு அட்டையை வாங்கிப் பார்த்தார். "நர்சம்மா, எம்பையன் போர் போடற ரிக் வண்டிக்குப் போறவன். தை மாசம் மத்தியப் பிரதேசத்துல இருந்தான். பிப்ரவரி ஆறாந்தேதிதான் வீட்டுக்கு வந்தான். நீங்க ஜனவரியில இருந்து எழுதியிருக்கீங்களே?" மருமகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

அன்று ஒரு மணி நேரம் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கரு தங்கிய நாளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. தூரமான நாள்தான் கையில் இருக்கிறது, அதனால் எல்லா ஊரிலும் அங்கிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவளுக்கு முட்டை வெளியே வருவது பதினான்காம் நாளை ஒட்டி. ஆக, முதல் இரண்டு வாரம் வயிற்றில் கரு என்று ஒன்றுமே கிடையாது, வெறும் கணக்குதான். அவளுக்கு அந்த நாள் பிப்ரவரி 8 வாக்கில் வரும். முட்டைக்கு ஆயுள் மிஞ்சிப்போனால் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரைகூடக் காத்திருக்கும். இரண்டும் கருக்குழாயில் சேர்ந்து, செல் செல்லாகப் பெருகிக்கொண்டே இறங்கி வந்து, ஒரு வாரம் போலக் கழித்துக் கருப்பையில் ஒட்டும். "உங்க பையன் வந்தது ஆறாந்தேதி. கணக்கு சரியாத்தானுங்க இருக்குது" என்றேன். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் 280 நாள் பத்து மாதம். பெரியவர்கள் சொல்லும் பத்து மாதத்துக்கும் இது ஒத்துத்தான் வருகிறது.

விடவில்லை அந்தம்மா. "பொட்டப்புள்ளையாப் போயிருமோ?" என்றார். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். பெண்ணுக்கு எக்ஸா, ஆணுக்கு ஒய்யா என்று கொண்டுவருவது அப்பன் பக்கம். ஸ்கேன் அறையில் அதைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. 1994ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தாயிற்று.

இனி முக்கியமான சங்கதி. நாள் தள்ளியது தெரிவது பிப்ரவரி 22 வாக்கில். அந்த வருடம் மகா சிவராத்திரி மார்ச் 8. இடையில் இரண்டே வாரம். அதற்குள் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது, இதயமும் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. கரு அப்போது ஒரு பச்சைப்பயறு அளவுதான். எங்கள் ஊர்த் தறிக்காரரைக் கேளுங்கள், பாவில் ஓர் இழை தப்பினால் பெட்ஷீட் நீளத்துக்கும் அது தெரியும் என்பார். போலிக் அமில மாத்திரையைக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, கரு தங்கும் முன்பே, தொடங்கச் சொல்வது இதனால்தான். நம் வீடுகளிலோ கண் பட்டுவிடும் என்று மூன்று மாதம் மூடி வைக்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. நர்ஸிடமாவது சொல்லுங்கள்.

சித்திரை ஒன்றுக்கெல்லாம் விரல்கள் பிரிந்து, சின்னதாக முழு உருவம் வந்துவிட்டது. அதற்கப்புறம் மசக்கையும் குறைந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த சமயம் முதல் அசைவு. "வயித்துக்குள்ள மீன்குஞ்சு துள்ளுற மாதிரி இருக்குதுங்கக்கா" என்றாள். கருப்பை தொப்புள் உயரத்துக்கு ஏறியிருந்தது.

அப்போது ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கியிருந்தது. "நல்லாத்தானே திங்கறா?" என்றார் மாமியார். கர்ப்பத்தில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆனால் அதில் நீர் கூடுகிற வேகத்துக்குச் சிவப்பணு கூடுவதில்லை. விருந்தாளி வந்தால் ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோமே, அந்தக் கதைதான். கொஞ்சம் நீர்த்துப்போவது இயற்கை, 11க்குக் கீழே போனால் சோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் போட்டாள், ஆனால் டீயோடு. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னேன்.

ஆவணியில் கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்து. ஆளாளுக்கு ஊட்டிவிட்டார்கள். ராத்திரி நெஞ்செரிச்சல் என்று போன் வந்தது. எரியாமல் என்ன செய்யும்? கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது, இரைப்பை வாயும் தளர்ந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் அடங்கும். சாயங்காலம் பாதம் வீங்குவதும் பெரும்பாலும் அப்படித்தான், கவலை வேண்டாம். ஆனால் முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியோடு கண்ணும் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு 37 வாரம் முடிந்தது. அப்புறம் எந்த நாளும் வலி வரலாம். குறித்த தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நான்கைந்துதான். இந்தக் குழந்தை தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே பிறந்துவிட்டது. திண்ணையில் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய மாமியார், உள்ளுக்குள் மகன் வந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மகனுக்குக் கார்த்திகையில் டிக்கெட் போட்டிருந்தார்கள்.